கீழ்மலையிலிருந்து மதுரைக்கு: முதல் பிசினஸ் பிரசன்டேஷனுக்கு ஒரு வழிகாட்டி

கொடைக்கானல் பக்கத்துக் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர் பக்கம் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இப்போது பிள்ளைகள் சொந்தமாகக் காபி வறுக்கிறார்கள். அப்பா காலத்தில் பழமாகவோ பார்ச்மென்ட்டாகவோ (பழத்தோல் நீக்கி உள்தோலோடு காயவைத்த கொட்டை) வியாபாரியிடம் போட்டுவிட்டு வந்ததை, இவர்கள் தூளாக்கி, பையில் அடைத்து, பெயர் ஒட்டி விற்கப் பார்க்கிறார்கள். மேல்மலையில் மலைப்பூண்டு போடுகிற குழுக்களிலும் இந்த ஆசை வந்திருக்கிறது. பொருளில் குறையில்லை. ஆனால் மதுரையிலோ கோவையிலோ ஒரு ஹோட்டல் முதலாளி "சரி, வாங்க, அரை மணி நேரம் தர்றேன்" என்று கூப்பிட்டதும் என்ன பேசுவது, எதைக் காட்டுவது என்று தெரியாமல் திணறிப் போகிறார்கள். அப்படிக் கூப்பிடப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காபியை வைத்துச் சொல்கிறேன். பூண்டு, தேன், பட்டர் ஃப்ரூட் எதுவானாலும் வழி ஒன்றுதான்.

என் முதல் பிரசன்டேஷன் மதுரையில் ஒரு ஹோட்டலில் நடந்தது. 42 ஸ்லைடு வைத்திருந்தேன். மலையின் வரலாறு, காபி இங்கே வந்த கதை, நிழல் மரங்கள், பறவைகள் என்று பதினெட்டு நிமிடம் பேசினேன். நடுவில் அவர் கேட்டார்: "தம்பி, விலை என்ன? மாசம் எவ்வளவு தருவீங்க?" அதற்கான பதில் 38-ஆவது ஸ்லைடில் இருந்தது. அவசரமாகத் தள்ளிக்கொண்டு போனால், அங்கே எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. என் கம்ப்யூட்டரில் இருந்த ஃபான்ட் அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லை. அவர் மரியாதையாக எழுந்து கைகொடுத்தார். பிளாஸ்கில் கொண்டுபோன காபியை நான் திறக்கவே இல்லை. அந்த ஒரு நாளில் நான் செய்த தவறுகளை ஒவ்வொன்றாகத் திருத்தித்தான் கீழே உள்ள முறைக்கு வந்தேன்.

முதலில் ஒரே ஒரு வாக்கியம்

லேப்டாப்பைத் திறக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, எதிரே இருப்பவர் அறையை விட்டு எழும்போது எதற்குச் சரி சொல்லியிருக்க வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "எங்கள் காபியை அறிமுகப்படுத்துவது" என்று எழுதினால் அது போதாது. அதற்கு அவர் சரி என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. "வரும் மாதம் முதல் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்கு, மாதம் 60 கிலோ தூள் சோதனையாக எங்களிடம் வாங்குங்கள்" என்பது சரியான வாக்கியம். அளவு இருக்கிறது, தேதி இருக்கிறது, பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ள அவருக்கு வழியும் இருக்கிறது.

இந்த வாக்கியம் கிடைக்க ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. மலையைப் பற்றி நமக்குச் சொல்ல ஆயிரம் இருக்கும், எல்லாமே அருமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வாக்கியத்துக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க உதவுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதைத் தோட்டம் பார்க்க வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அவருடைய கணக்கை நீங்கள் போட்டுக்கொண்டு போங்கள்

நான் அதிக நேரம் செலவிடுவது இதற்குத்தான். நீங்களும் இதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள்.

பேசப் போவதற்கு ஒரு வாரம் முன்பு அந்த ஹோட்டலுக்குச் சாதாரண வாடிக்கையாளராகப் போய் ஒரு காபி குடியுங்கள். காலை நேரத்தில் அரை மணி உட்கார்ந்து எத்தனை டம்ளர் போகிறது என்று பாருங்கள். காபி மாஸ்டரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள்: என்ன தூள், சிக்கரி எவ்வளவு, ஒரு கிலோவில் எத்தனை டம்ளர் வருகிறது. பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள். தொழில் தெரிந்து கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

இப்போது கணக்கு. ஒரு டம்ளருக்கு 10 கிராம் தூள் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 200 டம்ளர் போகிற கடைக்கு 2 கிலோ, மாதத்துக்கு 60 கிலோ. மேலே எழுதிய வாக்கியத்தில் 60 கிலோ வந்தது இப்படித்தான். நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்பதிலிருந்து தொடங்காமல், அவருக்கு எவ்வளவு வேண்டும் என்பதிலிருந்து வர வேண்டும்.

அடுத்தது நம் பக்கம். வறுக்கும்போது எடையில் 15 முதல் 20 சதவீதம் போய்விடும். வறுக்காத பச்சைக்கொட்டை ஒரு கிலோவுக்குச் சுமார் 6 கிலோ பழம் வேண்டும். ஆக 60 கிலோ தூளுக்கு ஏறக்குறைய 72 கிலோ கொட்டை, 430 கிலோ பழம். வருடத்துக்கு 5 டன்னைத் தாண்டும். உங்கள் குழுவால் அதைக் கொடுக்க முடியுமா? கீழ்மலையில் அரேபிகா வகைக் காபிப் பழம் பறிப்பது பெரும்பாலும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான். மற்ற மாதங்களுக்குக் கொட்டையைக் காயவைத்துப் பத்திரமாகச் சேர்த்து வைக்க இடம் இருக்கிறதா? இதை அவர் கேட்பதற்கு முன்னால் நீங்கள் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் வாக்கியத்தை மாற்றி 30 கிலோ என்று எழுதுங்கள். ஒத்துக்கொண்டு மே மாதம் கைவிரிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

விலைக்கு வருவோம். இப்போது வாங்கும் தூளைவிட உங்கள் தூள் கிலோவுக்கு 100 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே சொன்னால் எந்த முதலாளிக்கும் நெற்றி சுருங்கும். ஒரு டம்ளருக்கு என்று கணக்குப் போட்டால் அந்தக் கூடுதல் ஒரு ரூபாய். "சார், டம்ளருக்கு ஒரு ரூபாய் கூடும். அந்த ஒரு ரூபாய்க்கு என்ன மாறுது என்று குடித்துப் பார்த்துச் சொல்லுங்க" என்று சொன்னால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். உங்கள் பொருளுக்கும் இப்படி ஒரு சின்ன அலகு இருக்கும். பூண்டு என்றால் ஒரு தட்டு ரசத்துக்கு, தேன் என்றால் ஒரு கரண்டிக்கு. அதைத் தேடிப் பிடியுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். 10 கிராம் தூளுக்குப் பின்னால் 70 கிராமுக்கு மேல் பழம் இருக்கிறது, அதாவது ஒரு கை நிறைய. பறிக்கும் காலமாக இருந்தால் அந்தக் கைப்பிடிப் பழத்தை அப்படியே கொண்டுபோய் மேசையில் வையுங்கள். "ஒரு டம்ளருக்கு இவ்வளவு" என்று சொன்னால் போதும், அதற்கு ஸ்லைடு தேவையில்லை. காபிப் பழத்தைக் கையில் எடுத்துப் பார்க்காத ஹோட்டல்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இருபது நிமிடத்தைத் தாளில் பிரியுங்கள்

அரை மணி நேரம் கொடுத்தால் இருபது நிமிடம் பேசத் தயார் செய்யுங்கள். மிச்சம் கேள்விக்கு. முதல் இரண்டு நிமிடத்தில் அவர் கடையில் நீங்கள் பார்த்ததையும், எழுதி வைத்த அந்த வாக்கியத்தையும் சொல்லிவிடுங்கள். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிட்டால் அவர் நிம்மதியாகக் கேட்பார். அடுத்து ஐந்து நிமிடம் காபி குடிப்பது. அப்புறம் விலையும் அளவும். அதற்குப் பிறகு, மாதா மாதம் தவறாமல் வரும் என்று அவர் ஏன் நம்பலாம் என்பது: குழுவில் எத்தனை பேர், எங்கே வறுக்கிறீர்கள், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) எண், வண்டி எந்த நாளில் வரும். கடைசியில் மறுபடியும் அதே வாக்கியம்.

மலையைப் பற்றி எங்கே சொல்வது என்று கேட்பீர்கள். காபி குடிக்கும்போது சொல்லுங்கள். நிழலில், உயரத்தில், பழம் மெதுவாகப் பழுப்பதால் ருசி எப்படி வருகிறது என்று நாக்கில் காபி இருக்கும்போது சொன்னால் அது அவருக்குள் இறங்கும்.

ஸ்லைடு

பவர்பாயின்ட் 1987-இல் வந்தது. அன்றிலிருந்து அதை அளவோடு பயன்படுத்தச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கை கவாசாகி என்ற முதலீட்டாளர் சொன்ன 10-20-30 விதி பரவலாகத் தெரிந்தது: 10 ஸ்லைடு, 20 நிமிடம், எழுத்தின் அளவு 30-க்குக் குறையக் கூடாது. அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004-இல் உயர் அதிகாரிகள் கூட்டத்தில் பவர்பாயின்ட்டையே நிறுத்திவிட்டு, எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால் தமிழில் ஸ்லைடு செய்பவர்களுக்கு 10 ஸ்லைடுகூட அதிகம் என்பது என் எண்ணம். நம் சொற்கள் நீளமானவை. 30 அளவில் எழுதினால் ஒரு வரியில் நாலைந்து சொல்தான் பிடிக்கும். ஒரு ஸ்லைடில் ஒரு படம், ஒரு எண், ஒரு வரி போதும். நான் இப்போது ஏழு ஸ்லைடுக்கு மேல் போவதில்லை.

ஃபான்ட் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் மாட்டிக்கொள்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். டி.டி.பி. கடைகளில் பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் தட்டித் தருவார்கள். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து ஒன்றும் புரியாது. எப்போதும் யூனிகோடில், அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையில், தட்டுங்கள். லதா, நிர்மலா யுஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை யூனிகோடு ஃபான்ட்கள். முடித்ததும் ஒரு பி.டி.எஃப். பிரதி எடுத்து, அதை வேறொருவருடைய கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். பென்டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று, போனில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இதோடு தாளில் அச்சடித்த இரண்டு பிரதியும் கையில் இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து கரன்ட் போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

படங்களை நீங்களே எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பிரேசில் தோட்டத்துப் படத்தைப் போடாதீர்கள். காயப்போடும் களத்தில் உங்கள் அம்மா பார்ச்மென்ட்டைக் கிளறிக்கொண்டிருக்கும் படம் சற்று மங்கலாக இருந்தாலும் அதையே வையுங்கள், அம்மாவிடம் கேட்டுவிட்டு.

சாம்பிளும் தண்ணீரும்

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மலையில் நமக்கு அருமையாக இருக்கும் காபி, கீழே போனதும் வேறு மாதிரி இருக்கும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் ஏறக்குறைய 93 டிகிரியில் கொதிக்கும். மதுரையில் 100-ஐ ஒட்டி. வீட்டில் செய்கிற மாதிரியே கொதித்த தண்ணீரை உடனே ஃபில்டரில் ஊற்றினால் அங்கே டிகாக்‌ஷன் கசந்துபோகும். அடுப்பை அணைத்து ஓரிரு நிமிடம் பொறுத்து ஊற்றுங்கள். அதோடு நம் ஓடைத் தண்ணீர் மென்மையானது. கீழே போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், காபியின் லேசான புளிப்பும் மணமும் அதில் அடங்கிவிடும்.

ஆகவே ஒரு நாள் முன்னதாகப் போய், அந்த ஊர்த் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நம் ஊர்த் தண்ணீரை ஒரு கேனில் கொண்டுபோய் அருமையாகப் போட்டுக் காட்டலாம்தான். ஆனால் வாங்கியவர் தினமும் அவர் தண்ணீரில்தான் போடப் போகிறார், முதல் வாரமே குறை சொல்வார். அவருடைய காபி மாஸ்டரையே, அவர் தண்ணீரில், அவர் பாலில் போடச் சொல்வது எல்லாவற்றிலும் நல்லது. எந்த ஃபில்டரில் எவ்வளவு தூள், எவ்வளவு நேரம் என்று மட்டும் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். டிகாக்‌ஷன் இறங்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் பேசத் தொடங்குவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். பால் சேர்க்காமல் ஒரு வாய், பால் சேர்த்து ஒரு டம்ளர் என்று இரண்டும் கொடுங்கள்.

விலையைச் சொல்வதற்கு முன் அவர் குடித்திருக்க வேண்டும். இந்த வரிசையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள்.

வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள்

மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது பழக்கம் ஆகாது. எழுந்து நின்று, வாய்விட்டு, போனில் ரெக்கார்டு செய்தபடி மூன்று முறை பேசுங்கள். முதல் முறை இருபது நிமிடத்துக்குத் தயார் செய்தது முப்பதாகும். எங்கே இழுக்கிறது என்று கேட்டுக் குறையுங்கள். இரண்டாம் முறை வீட்டில் காபித் தொழில் தெரியாத ஒருவரை உட்கார வையுங்கள். நான் என் சித்தியை உட்கார வைத்தேன். "என்னய்யா, பார்ச்மென்ட் பார்ச்மென்ட்டுங்கிற, அது என்ன துணியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து "உள்தோலோடு காய்ந்த கொட்டை" என்று ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறேன்.

எந்த மொழியில் பேசுவது என்று பலர் தயங்குகிறார்கள். எதிரே இருப்பவர் தமிழர் என்றால் தமிழில் பேசுங்கள். ஆர்டர், சாம்பிள், டெலிவரி என்று வழக்கில் இருக்கும் சொற்கள் வந்தால் வரட்டும். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டு போனவர்கள் முதல் கேள்வியிலேயே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். எழுதியதை அப்படியே ஒப்பிக்கவும் வேண்டாம். முதல் நாலு வரியும் கடைசி நாலு வரியும் மட்டும் நெஞ்சில் இருக்கட்டும். நடுவில் இருப்பது நீங்கள் தினமும் செய்கிற வேலைதானே, தானாக வரும்.

அந்த நாள்

முடிந்தால் முந்தின இரவே இறங்கிவிடுங்கள். காலையில் வத்தலகுண்டு வரை வளைந்து வளைந்து இறங்கி, காது அடைத்து, தலை சுற்றி, நேராகப் போய்ப் பேச முடியாது. அறைக்கு இருபது நிமிடம் முன்னதாகப் போய் ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் பொருந்துகிறதா, படம் தெரிகிறதா என்று பாருங்கள். புரொஜெக்டர் வேலை செய்யவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், அச்சடித்த தாளை மேசையில் வைத்துப் பேசுங்கள்.

திரையைப் பார்த்துப் படிக்காதீர்கள். பவர்பாயின்ட் ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில 'B' எழுத்தைத் தட்டினால் திரை கறுத்துவிடும், மறுபடி தட்டினால் வரும். காபி குடிக்கும் நேரத்தில் அதைத் தட்டிவிடுங்கள், அப்போது எல்லோரும் டம்ளரையும் உங்களையும்தான் பார்ப்பார்கள். அவர் குடிக்கும்போது பேச்சை நிறுத்துங்கள். அந்த அரை நிமிட மௌனம் உங்களுக்கு நெடுநேரமாகத் தோன்றும். பொறுங்கள், முதலில் அவர் பேசட்டும்.

கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு எப்போதும் வருபவை இவை: போன மாத ருசியே அடுத்த மாதமும் இருக்குமா, மழையில் ரோடு அடைத்தால் சரக்கு எப்படி வரும், பணத்துக்கு எத்தனை நாள் தவணை, விளைச்சல் குறைந்தால் என்ன செய்வீர்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். மார்ச், ஏப்ரலில் பூ எடுக்க வேண்டிய மழை தவறினால் விளைச்சல் குறையும், அரேபிகாவில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற பூச்சி செடியையே சாய்த்துவிடும். அதனால் இத்தனை கிலோ கொட்டையைக் கையிருப்பில் வைத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். ஆபத்தையும் அதற்கான ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்பவரைத்தான் நம்புவார்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால், "வெள்ளிக்கிழமைக்குள் கேட்டுச் சொல்கிறேன் சார்" என்று எழுதிக்கொள்ளுங்கள். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. செடி, நோய், காயவைப்பது பற்றிய சந்தேகங்களை அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

விலையை அங்கேயே குறைத்துக் கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். குழுவில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

வங்கி மேலாளரிடம் பேசுவதாக இருந்தால் ருசி, மணம் எதுவும் வேண்டாம். பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டு, எந்த மாதம் பணம் வெளியே போகிறது, எந்த மாதம் உள்ளே வருகிறது, தவணையை எந்த மாதத்திலிருந்து கட்ட முடியும் என்று ஒரே தாளில் காட்டுங்கள். பறிப்புக் கூலி முழுக்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை போய்விடும், விற்ற பணம் வருடம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

பேசி முடித்த பிறகு

அன்று மாலையே வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் அனுப்புங்கள்: என்ன பேசினோம், அளவு, விலை, எந்தத் தேதிக்குள் நீங்கள் என்ன பதில் சொல்ல வேண்டும், அவர் எந்தத் தேதியில் முடிவு சொல்வதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை என்று சொன்னது வெள்ளிக்கிழமையே போக வேண்டும்.

தோட்டத்தைப் பார்க்க வருகிறேன் என்று அவர் சொன்னால், பழம் சிவந்திருக்கும் மாதமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். அப்படியே குடும்பத்தோடு சொந்தக் காரில் கொடைக்கானலுக்கும் போகிற எண்ணம் இருந்தால், 2024 மே 7-லிருந்து இ-பாஸ் கட்டாயம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது, காலையிலேயே தோட்டத்துக்குள் கூட்டிப் போங்கள். பழம் பறிக்கும் அக்காக்களோடு அவர் பேசட்டும், பழத்தோல் உரிக்கும் பல்பர் மெஷினில் ஒரு கூடை அவரே கொட்டிப் பார்க்கட்டும். கிளம்பும்போது அன்று வறுத்ததில் கால் கிலோ கொடுத்து அனுப்புங்கள். பையின் மேல் எந்தத் தோட்டத்தில் விளைந்தது, என்றைக்கு வறுத்தது என்று பேனாவால் எழுதியிருங்கள்.